பையனைச் சேர்த்தால் குடும்பமே சேர்ந்த மாதிரி: எங்கள் பிள்ளைகள் பேஸ்பால் லீக் எப்படி?

பிள்ளையை பேஸ்பாலில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் கட்டணம் எவ்வளவு என்பார்கள், அடுத்து பயிற்சி எத்தனை மணிக்கு என்பார்கள். இரண்டும் தெரிய வேண்டியதுதான். ஆனால் லீக் நல்லதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒன்று, எந்த விதிப்படி ஆடுகிறார்கள் என்பது. இன்னொன்று, மேட்ச் அன்று எந்த டீம் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற பட்டியல். எங்கள் லீகில் முதல் காகிதத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இரண்டாவதுக்கு இரண்டு, அன்றைக்கு வெயில் குறைவாக இருந்தால் இரண்டரை.

பையனுக்குப் பத்து வயது, மைனர்ஸ் என்கிற சின்னவர்கள் பிரிவில் ஆடுகிறான். கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கிறவனாக நிற்கிறான், மனசு முழுக்க பேட்டருக்குப் பந்து வீசுகிற பிட்சிங்கில் இருக்கிறது. நான் தணிக்கை வேலை பார்ப்பவள். அது பெற்றோர் கூட்டத்தில் எப்படியோ வெளியே வந்துவிட்டது. "அப்படியானால் ஸ்கோர் புக் உங்களுக்கு" என்று மேனேஜர் அங்கேயே தலையில் கட்டிவிட்டார். ஆகவே இது வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, பென்சிலும் அழிரப்பருமாக சீசன் முழுக்க உட்கார்ந்திருந்த ஒருத்தியின் மதிப்பீடு. பேட்டிங் பயிற்சி எப்படி, கோச்சுக்கு நுணுக்கம் தெரியுமா என்பதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும்.

எங்கள் லீக் லிட்டில் லீக் ரூல் புக்கை அப்படியே பின்பற்றுகிறது. 1939-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே டீம்களோடு தொடங்கிய அமைப்பு அது. 1974 வரைக்கும் பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை; வழக்குகள் நடந்து, அப்புறம்தான் கதவு திறந்தது. எங்கள் டீமின் ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்வட்டத்தில் நின்று பந்து தடுக்கிறவள், ஒரு பெண். தரையோடு உருண்டு வருகிற பந்தை அவளைப் போல எடுக்க எங்கள் பையன்கள் யாருக்கும் வரவில்லை. 1974-க்கு முன்னால் ஆட வந்திருந்தால் அவளும் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

மைதானமும் ஆட்டமும் பிள்ளைகளின் அளவுக்கு வெட்டப்பட்டவை. ஓடித் தொட வேண்டிய பேஸ் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே 60 அடி, பெரியவர்களுக்கு 90. பிட்சர் 46 அடியிலிருந்து வீசுகிறான். ஒன்பது இன்னிங்ஸுக்குப் பதில் ஆறு. பிட்சர் வீசிய பந்து பேட்டரை எட்டும் வரைக்கும் ரன்னர் பேஸை விட்டு நகரக்கூடாது. தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துவிட்டு வருகிற அப்பாக்கள் "முன்னாடி போ, முன்னாடி போ" என்று கத்துவது இதனால்தான் வீண். முன்னோக்கி ஓடும்போது தலையை முன்னால் நீட்டிச் சறுக்கினால் அவுட். பேஸுக்குத் திரும்பி வரும்போது மட்டும் அப்படிச் சறுக்கலாம். மைனர்ஸில் மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது பேட்டர் அடிக்காமல் விட்ட மூன்றாவது நல்ல பந்தை, கேட்சர் தவறவிட்டாலும் பேட்டர் அவுட்தான், முதல் பேஸுக்கு ஓட முடியாது. கேட்சரின் அம்மா என்கிற முறையில் இந்த விதியை எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

மைனர்ஸில் இன்னொரு நல்ல விதி, ஒரு அரை இன்னிங்ஸில், அதாவது ஒரு டீம் பேட் பிடிக்கும் முறையில், ஐந்து ரன் வந்துவிட்டால் மூன்று அவுட் ஆகாவிட்டாலும் பக்கம் மாறிவிட வேண்டும். கேட்கும்போது என்னடா விளையாட்டு இது என்று இருக்கும். பத்து வயது பிட்சருக்கு ஒரு நாள் பந்து சொன்ன பேச்சு கேட்காமல் போய், நாலு பேர் வரிசையாக வாக் (நாலு தப்புப் பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) வாங்கி, அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீசுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கடைசி இன்னிங்ஸில் மட்டும் இந்த வரம்பை விலக்கிக்கொள்ள லீகுக்கு உரிமை உண்டு. எங்கள் லீக் விலக்குகிறது. அதனால் எட்டு ரன் பின்தங்கிய டீமுக்கும் கடைசி வரை உயிர் இருக்கிறது, ஸ்கோர் எழுதுகிறவளுக்கும் வீட்டுக்குப் போக நேரமாகிறது.

இனி பிட்ச் கவுண்ட், அதாவது ஒரு பிட்சர் வீசுகிற பந்துகளின் கணக்கு. ரூல் புக்கிலேயே எனக்குப் பிடித்த பக்கம் இது.

2007-இல் லிட்டில் லீக் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பிட்சர் எத்தனை இன்னிங்ஸ் வீசினான் என்றுதான் கணக்கு. ஒரு இன்னிங்ஸ் எட்டுப் பந்தில் முடியலாம், நாற்பதும் தாண்டலாம். முழங்கைக்கு இன்னிங்ஸ் தெரியாது, பந்துதான் தெரியும். இப்போது ஒரு நாளைக்கு 7, 8 வயதுக்கு 50 பந்து, 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95. இங்கே வயது என்பது அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்றைக்கு என்ன வயதோ அது. அதற்கு லீக் வயது என்று பெயர். படிவம் நிரப்பும்போது இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள்.

வரம்பை விட முக்கியமானது ஓய்வுக் கணக்கு. 14 வயது வரைக்கும் உள்ளவர்கள் ஒரு நாளில் 20 பந்து வரை வீசினால் மறுநாளே மறுபடி வீசலாம். 21 முதல் 35 என்றால் ஒரு நாள் ஓய்வு. 36 முதல் 50 என்றால் இரண்டு நாள், 51 முதல் 65 என்றால் மூன்று, 66-ஐத் தொட்டுவிட்டால் நாலு நாள். இந்த எண்கள் மனசில் ஏறிவிட்டால் மேட்ச் பார்க்கிற கண்ணே மாறிவிடும். எங்கள் பிட்சர் 33-இல் நிற்கிறான் என்று வையுங்கள். மேனேஜர் வலைப் பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பார், நான் மூன்று விரல் அப்புறம் மூன்று விரல் காட்டுவேன். ஒரு பேட்டர் நடுவில் இருக்கும்போது 35 ஆகிவிட்டால் அந்த பேட்டரை முடித்துவிட்டு இறங்கலாம். ஓய்வுக்கு 35 என்றே கணக்கு. அடுத்த பேட்டருக்கு ஒரு பந்து வீசினாலும் 35-ஐத் தாண்டிவிடும், ஒரு நாள் கூடுதலாகப் போச்சு. சனிக்கிழமை மேட்சை ஜெயிப்பதற்காக திங்கட்கிழமை பிட்சரை இழக்கலாமா என்று அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவதைப் பார்க்க வேண்டுமே! என்னைப் பொறுத்தவரை மைதானத்தில் நடக்கிற ஆட்டத்துக்கு இணையான சுவாரசியம் அதில் இருக்கிறது.

கேட்சருக்கும் இதில் பங்கு உண்டு. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறான் அல்லவா? அதனால் நாலு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்று பிட்ச் செய்யக்கூடாது. நாலாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு பந்தைப் பிடித்தாலும் அது இன்னிங்ஸ்தான். 41 பந்து அல்லது அதற்கு மேல் வீசிய பிட்சர் அன்று கேட்சராக உட்காரக்கூடாது. மூன்று இன்னிங்ஸோ குறைவாகவோ கேட்ச் பிடித்துவிட்டு பிட்சிங்குக்கு வந்தவன் 21 பந்து வீசிவிட்டால் மறுபடி கேட்சராகப் போக முடியாது. என் பையனின் வாழ்க்கையே இந்த மூன்று வாக்கியத்துக்குள் இருக்கிறது. மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும், பிள்ளைகள் உட்காருகிற டக்அவுட்டிலிருந்து என்னைப் பார்த்து "அம்மா, மூணுதானே?" என்று கேட்பான். ஸ்கோர் புக்கைப் பார்த்து மேனேஜருக்குத்தான் பதில் சொல்வேன். அவன் முகத்தைப் பார்த்தால் மனசு வேறு மாதிரி எண்ணச் சொல்லும்.

இவ்வளவு அழகான விதியில் ஒரு பெரிய ஓட்டை. எங்கள் புத்தகத்தில் எங்கள் லீக் மேட்ச் பந்துகள்தான் ஏறும். எங்கள் டீமிலேயே ஒரு பையன் வார இறுதியில் ஊர் ஊராகப் போய் ஆடுகிற வேறொரு டிராவல் டீமுக்கும் வீசுகிறான். அங்கே எத்தனை வீசினான் என்று நாங்கள் கேட்கவும் முடியாது, சொல்லவும் மாட்டார்கள். வீட்டுக் கொல்லையில் அப்பாவோடு வீசுவதற்கும் கணக்கு கிடையாது. இந்த வயதில் முழங்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப விசையோடு வீசும்போது தசைநாரும் இணைப்புத் திசுவும் இழுப்பது அந்தத் தட்டைத்தான். லிட்டில் லீகர்ஸ் எல்போ என்றே அந்த வலிக்குப் பெயர். தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் தேசிய அமைப்பான யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி, 9 முதல் 12 வயதுக்காரர்கள் வருஷத்தில் குறைந்தது நாலு மாதம் எறிவதற்கே விடுமுறை விட வேண்டும் என்கிறது. அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இந்தக் காகிதத்தை எங்கள் லீக் பெற்றோருக்குக் கொடுக்கவில்லை. ஐந்தில் அரை மதிப்பெண் போனது இதற்குத்தான்.

அடுத்தது, எல்லாப் பிள்ளையும் ஆட வேண்டும் என்ற விதி. ஒவ்வொரு மேட்சிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது ஒரு முறை பேட்டிங், ஆறு அவுட்டுக்கு ஃபீல்டிங், அதாவது இரண்டு முழு இன்னிங்ஸ். கொடுக்காத மேனேஜருக்கு முதல் முறை எழுத்து எச்சரிக்கை, இரண்டாவது முறை அடுத்த மேட்ச் தடை, மூன்றாவது முறை சீசன் முடியும் வரை தடை. விடுபட்ட பிள்ளை அடுத்த மேட்சில் ஆரம்பத்திலிருந்தே இறங்கி பாக்கியையும் சேர்த்து ஆட வேண்டும். எங்கள் லீகில் வந்திருக்கும் எல்லோரையும் வரிசையாக பேட் பிடிக்க விடுகிறார்கள், ஆகவே பேட்டிங்கில் வஞ்சனை நடக்க வழியே இல்லை. பள்ளிக்கூட டீமில் தண்ணீர் பாட்டில் தூக்கியே காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அந்த ஆறு அவுட்டுக்கு எங்கே நிற்க வைக்க வேண்டும் என்று விதி சொல்வதில்லை. ஒல்லியாக, கொஞ்சம் பயந்த சுபாவத்தோடு ஒரு பிள்ளை எங்கள் டீமில் இருக்கிறான். நான்தான் எழுதுகிறேன் என்பதால் உறுதியாகச் சொல்வேன், சீசனின் முதல் பாதியில் அவன் பெயருக்கு நேரே 9 தவிர வேறு எண் இல்லை. 9 என்றால் ரைட் ஃபீல்ட். இந்த வயதில் அங்கே பந்து வருவது அபூர்வம். விதி நிறைவேறியது, பிள்ளை புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். தணிக்கையில் இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன், ரசீது எல்லாம் சரியாக இருக்கும். ஒரு நாள் மேட்ச் முடிந்ததும் புத்தகத்தை மேனேஜர் முன்னால் விரித்து அந்த வரிசையை மட்டும் பென்சிலால் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மனிதர் நல்லவர், அடுத்த மேட்சில் பிள்ளையை இரண்டாவது பேஸில் போட்டார். இரண்டு பந்து காலுக்கு நடுவே போனது, மூன்றாவதை நிறுத்திவிட்டான். லீக் நிர்வாகம் நினைத்தால் ஒரு பிள்ளை வாரத்தில் ஒரு இன்னிங்ஸாவது பேஸ்களுக்கு அருகே, இன்ஃபீல்டில் நிற்க வேண்டும் என்று சொந்தமாக ஒரு வரி சேர்க்கலாம். கேட்டுப் பார்த்தேன், பார்க்கலாம் என்றார்கள்.

பாதுகாப்புச் சாமான் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெல்மெட், கேட்சரின் மாஸ்க்கிலிருந்து தொங்குகிற தொண்டைக் காப்பு, பையன் கேட்சர்களுக்கு உள்ளே அணிகிற கப் எல்லாவற்றையும் அம்பயர் மேட்சுக்கு முன்னால் கேட்டே விடுகிறார். உலோக முள் வைத்த ஷூ கூடாது. 2018 முதல் பேட்டில் யூஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்க வேண்டும். அண்ணனின் பழைய பேட்டைத் தம்பிக்குக் கொடுக்கப் பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மைனர்ஸில் அடுத்த பேட்டர் வெளியே நின்று பேட் சுழற்றிக்கொண்டிருக்கவும் கூடாது; டக்அவுட்டுக்குள் ஒரு பிள்ளை பேட்டைச் சுழற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இரண்டாவது காகிதத்துக்கு வருவோம்.

லீக் முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது. அதில் குறையில்லை, பெருமைதான். மேனேஜர், கோச், பிள்ளைகளோடு அடிக்கடி பழகுகிற யாராக இருந்தாலும் வருஷா வருஷம் பின்னணிச் சோதனைக்குப் படிவம் கொடுக்க வேண்டும். குழந்தைகள் மீதான துன்புறுத்தலைக் கண்டறிகிற பயிற்சியும் கட்டாயம். இதை எங்கள் லீக் ஒழுங்காகச் செய்கிறது. அடையாள அட்டை இல்லாத பெரியவர் டக்அவுட்டுக்குள் கால் வைக்க முடியாது. பையனுக்கு ஷூ லேஸ் கட்டிவிடப் போன என் வீட்டுக்காரரையே வெளியே அனுப்பினார்கள். எனக்கு அதில் திருப்திதான்.

குழப்பம் மற்ற வேலைகளில்தான். எங்கள் பட்டியல்படி ஹோம் டீம் முன்னாலேயே வந்து மண்ணை ரேக் செய்து, தண்ணீர் தெளித்து, பேஸ்களைப் பொருத்தி, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். அதிகாரபூர்வ ஸ்கோர் புக்கும் அவர்களுடையது. விசிட்டிங் டீம் ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொண்டு, மேட்ச் முடிந்ததும் பிட்சர் நிற்கிற மண்மேடான மவுண்டைச் சரிசெய்து மூட வேண்டும். இரண்டு டீமும் தங்கள் பக்க டக்அவுட்டைக் கூட்ட வேண்டும். கான்டீன் முறை தனி. எழுத்தில் எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலில் 'டீம்' என்று இருக்கிறதே தவிர டீமில் யார் என்று இல்லை. மண்வெட்டியும் ரேக்கும் டீமின் கையில் பிடிபடாது, யாராவது ஒரு மனிதர் பிடிக்க வேண்டும். அந்த ஒரு மனிதர் எங்கள் டீமில் பெரும்பாலும் என் வீட்டுக்காரரும், கூடவே இன்னொரு தமிழ்க் குடும்பத்துத் தம்பியும். "அக்கா, மத்தவங்க எல்லாம் எங்கே?" என்று அவர் கோடு போடுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்பார். மத்தவங்க மேட்ச் தொடங்குவதற்குச் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால், குடையோடும் நாற்காலியோடும் வருவார்கள்.

லீக் இதற்கு ஒரு டெபாசிட் வாங்கி வைத்திருக்கிறது. உங்கள் முறையைச் செய்தால் சீசன் முடிவில் திரும்பி வரும், செய்யாவிட்டால் வராது. நல்ல யோசனை மாதிரி தெரிகிறதா? வசதியுள்ள சிலர் பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பணம் லீகுக்குப் போகிறது, ரேக் எங்களிடமே இருக்கிறது. ஒவ்வொரு மேட்சுக்கும் பெயர் போட்டு அட்டவணை ஒட்டினால் பாதிச் சண்டை தீரும். நடுவில் நான் ஒன்று தயாரித்து டீம் குரூப்பில் போட்டேன். பெயர் எழுதிவிட்டால் ஆட்கள் வருகிறார்கள், அதுதான் வேடிக்கை.

பந்து எண்ணுவதற்கு யார் பொறுப்பு என்பதிலும் பட்டியல் வழுக்குகிறது. இரண்டு டீமும் எண்ணுகிறோம், அமுக்கி எண்ணுகிற கிளிக்கர் ஆளுக்கொன்றோடு. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் ஹோம் டீம் புத்தகமே இறுதி என்கிறது எங்கள் லீக். ஒரு மேட்சில் எதிரணி அம்மா 48 என்றார், என் புத்தகத்தில் 51. இடையில் இருப்பது மூன்று பந்து, ஒரு பிள்ளையின் ஒரு நாள் ஓய்வு. கோட்டுக்கு வெளியே அடிபட்டு ஃபவுல் ஆன பந்துகளை அவர் அமுக்கவில்லை என்று அப்புறம் புரிந்தது, ஃபவுலும் பந்துதான். அன்று நாங்கள் ஹோம் டீம், ஆகவே 51 நின்றது. நாங்கள் விசிட்டிங்காக இருந்திருந்தால்? அதற்கப்புறம் ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிவிலும் நானே எழுந்து போய் எண்ணைச் சரிபார்த்துக்கொள்கிறேன். எதிரணிக்காரர்கள் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், இரண்டாவது இன்னிங்ஸுக்குள் அவர்களே கையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அம்பயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மைனர்ஸுக்குப் பல சமயம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்தான் அம்பயர். சில முடிவுகள் தப்பாகத்தான் போகும். ஸ்ட்ரைக்கா பாலா, அவுட்டா சேஃபா என்பது அம்பயரின் தீர்ப்பு, அதன் மேல் புரோட்டஸ்ட் செய்ய முடியாது. விதியையே தப்பாகப் பயன்படுத்தினால், அதுவும் மேனேஜர் மூலமாக மட்டும் செய்யலாம். வெளியேற்றப்பட்ட மேனேஜரோ கோச்சோ மைதானத்தை விட்டே போக வேண்டும், அடுத்த மேட்சுக்கும் வரக்கூடாது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், வலைக்கு வெளியே நிற்கிற பெற்றோர் வாயை அடைக்க எங்கள் லீக் ஒன்றும் செய்யவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அம்பயராக நின்ற மேட்சில் ஒரு பெரிய மனிதர் கத்திய கத்தலில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே தலை குனிந்துகொண்டார்கள். இதற்கென்று ஒரு நிர்வாகியாவது மைதானத்தில் இருக்க வேண்டும்.

யாருக்குச் சரிவரும்? பிள்ளைக்கு விளையாட்டு அவ்வளவாக வராது, ஆனால் ஆசை இருக்கிறது என்றால் தயங்காமல் சேருங்கள். இந்த ரூல் புக் அவனுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கும். ஜெயித்தே ஆக வேண்டும், என் பையன்தான் எல்லா இன்னிங்ஸும் வீச வேண்டும் என்பவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். சனிக்கிழமை காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது ஒத்துவராது.

சேருகிறீர்கள் என்றால் பெற்றோர் கூட்டத்துக்கு நேரத்தோடு போங்கள். வேலைகளைப் பங்கு போடும்போது ஸ்கோர் புக்கையோ கிளிக்கரையோ முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிழல் கிடைக்கும், மேட்சும் முழுசாகப் பார்க்கலாம். தாமதமாக வருகிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது ரேக். எங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கிறது, அடுத்த சீசனுக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது.